இருபது பேரும் ஐந்து பேரும்

2015 ஏப்ரல் 7ஆம் தேதி, ஒரே நாளில், போலீஸ் துப்பாக்கிக்கு 25 பேர் இறந்தார்கள். திருப்பதிக்குப் பக்கத்தில், சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லப்பட்ட 20 தமிழர்கள். தெலங்கானாவில் ஆலேர் அருகே, வாரங்கல் சிறையிலிருந்து ஐதராபாத் நீதிமன்றத்துக்கு வேனில் கொண்டுபோகப்பட்ட 5 விசாரணைக் கைதிகள். அந்த 20 பேருக்காக நான் அழுதேன். திருப்பதி ருயா ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு வெளியே, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து தரையில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்துவிட்டு, குறிப்பேட்டை மடித்துப் பையில் வைத்தேன். 5 பேர் செய்தி டீக்கடை டிவியில் ஓடியபோது "ஒழிஞ்சானுங்க" என்றேன். பக்கத்தில் நின்றவர் தலையாட்டிவிட்டு இன்னொரு டீ சொன்னார்.

அந்த ஐவரில் முக்கியமானவர் விகாருத்தீன் அகமது. 2007 மே 18 அன்று ஐதராபாத் மெக்கா மசூதியில் குண்டு வெடித்தது. வெடித்ததில் செத்தவர்கள் போக, அதன் பிறகு வீதியில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டிலும் 5 பேர் செத்தார்கள். வெடிகுண்டு வழக்கில் முதலில் பிடித்துக்கொண்டு போனது முஸ்லிம் இளைஞர்களைத்தான். அவர்கள்மேல் தப்பில்லை என்று தெரிந்து, அரசே இழப்பீடு அறிவிக்கும் நிலைமை பின்னால் வந்தது. அந்த நாளுக்குப் பழிவாங்கப் போலீஸ்காரர்களைச் சுட்டார் என்பது விகாருத்தீன் மேல் இருந்த வழக்கு. ஆலேரில் அவர்கள் துப்பாக்கியைப் பிடுங்க வந்தார்கள், அதனால் சுட்டோம் என்றது போலீஸ். வெளியே வந்த படங்களில் ஐவரும் கைவிலங்கோடு இருக்கையில் சரிந்து கிடந்தார்கள்.

படத்தை நானும் பார்த்தேன். அதே நாளில், சேஷாசலத்தில் பிணங்களுக்குப் பக்கத்தில் கிடந்த கட்டைகளில் பழைய பெயின்ட் குறி இருந்ததைக் கண்டு, "இது வேற எங்கேயோ பிடிச்ச மரம், கொண்டாந்து போட்டிருக்காங்க" என்று கூடியிருந்தவர்களிடம் வாதாடியவனும் நான்தான். அங்கே மரக்கட்டையைக் கூர்ந்து பார்த்தவன், இங்கே கைவிலங்கைப் பார்த்துவிட்டுக் கடந்து போனேன். அறியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. இரண்டுமே எனக்குப் புரிந்திருந்தது. செத்தவன் யார் என்று கேட்டுவிட்டுத்தான் என் மனசு இளகியது.

நான் சித்தூர்க்காரன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. பிழைப்புக்கு இன்சூரன்ஸ் ஏஜென்சி. அதோடு ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குப் பகுதிநேரச் செய்தியாளராக இருந்தேன். மாதச் சம்பளம் கிடையாது, போடும் செய்திக்குத் தகுந்த காசு. அடையாள அட்டைதான் உண்மையான சம்பளம் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். எனக்குப் படம் எடுத்துக் கொடுத்தவர் ஒரு பாய். என்னைவிட இளையவர், கல்யாண ஸ்டூடியோ வைத்திருந்தவர், என்னை "அண்ணா" என்பார். எங்கள் இருவருக்கும் ஒரே பைக்.

இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால், 2013 அக்டோபர் 5ஆம் தேதி புத்தூரில் போய் நிற்கிறேன்.

அதற்கு முந்தைய ஓராண்டை இங்கே சொல்லியாக வேண்டும். சித்தூரிலிருந்து வேலூர் சின்னப் பயணம். துணி எடுக்கவும் சிஎம்சியில் காட்டவும் நாங்கள் போய்வரும் ஊர். 2012 அக்டோபரில் அங்கே பாஜகவைச் சேர்ந்த டாக்டர் அரவிந்த் ரெட்டி வெட்டிக் கொல்லப்பட்டார். 2013 ஜூலை 1 அன்று அதே வேலூரில் இந்து முன்னணியின் வெள்ளையப்பன். ஜூலை 19 அன்று சேலத்தில் ஆடிட்டர் ரமேஷ். 2011 அக்டோபரில் திருமங்கலம் அருகே, அத்வானி ரத யாத்திரை போகும் வழியில் பாலத்தடியில் பைப் வெடிகுண்டு கிடைத்திருந்தது. இவை எல்லாவற்றிலும் சேர்த்துத் தேடப்பட்ட பெயர்கள் 'போலீஸ்' பக்ருதீன், பிலால் மாலிக், பன்னா இஸ்மாயில். அந்த நாளில் எங்கள் தெருக்களில் இருந்த பயம் பொய்யான பயம் இல்லை. நெற்றியில் திருமண் இட்டுக்கொண்டு அதிகாலையில் நடக்கப் போகிறவர்களை வீட்டுப் பெண்கள் தடுத்த காலம் அது. நான் செய்ததற்கு அந்தப் பயத்தைச் சாக்காகக் காட்டவில்லை. ஆனால் பயமே இருக்கவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்.

அக்டோபர் 4 அன்று சென்னையில் பக்ருதீன் பிடிபட்டார். அன்றிரவே தமிழ்நாட்டுச் சிறப்புப் புலனாய்வுக் குழு புத்தூருக்கு வந்துவிட்டது. எலும்பு முறிந்தவர்கள் கட்டுப் போட்டுக்கொள்ளத் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் வரும் ஊர் புத்தூர். வெளியூர் முகம் அங்கே யாருக்கும் புதுசில்லை. ஒளிந்துகொள்ள நல்ல இடம்தான். மற்ற இருவரும் இருந்த வாடகை வீட்டுக்குள் போன ஆய்வாளர் ஒருவர் வெட்டுப்பட்டார். அதற்குமேல் கதவு திறக்கவில்லை. ஆந்திரப் போலீஸ் சுற்றி வளைத்தது. பயங்கரவாத எதிர்ப்புக்கென்றே 2007இல் உருவாக்கிய ஆக்டோபஸ் கமாண்டோக்கள் வந்து சேர்ந்தார்கள்.

அன்று திருமலையில் பிரம்மோற்சவம் தொடங்கும் நாள். தெலங்கானாவைப் பிரிக்க மத்திய அமைச்சரவை இரண்டு நாள் முன்னால் ஒப்புக்கொண்டதை எதிர்த்து சீமாந்திரா முழுக்க பந்த். பஸ் இல்லை, கடை இல்லை. வேலையில்லாத ஊர் மொத்தமும் அந்த வீட்டுக்குத் தள்ளித் தள்ளி நின்றுகொண்டிருந்தது. பிரம்மோற்சவத்துக்குத்தான் குறி வைத்திருந்தார்கள் என்ற பேச்சு ஒரு முனையில் கிளம்பி, மறுமுனைக்கு வருவதற்குள் எத்தனை கிலோ வெடிமருந்து என்பது வரை வளர்ந்துவிட்டது. மொட்டை மாடிகளில் குடும்பம் குடும்பமாக ஏறி நின்றார்கள். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள்.

உள்ளே ஒரு பெண்ணும் குழந்தைகளும் இருக்கிறார்கள் என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. போலீஸ் பேசியது, காத்தது, கண்ணீர்ப்புகை விட்டது, மறுபடி பேசியது. கூட்டத்துக்கு அலுப்பு. "எதுக்கு இவ்ளோ நேரம்? ஒரே குண்டு, முடிஞ்சுது" என்று தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கூட்டத்தில் ஒருவன் மட்டும் அல்ல, அதைவிட மோசம். 'இரண்டு தீவிரவாதிகள் சுட்டுக்கொலை' என்று தலைப்புப் போட்டு, முதல் இரண்டு பத்திகளைச் சுவர் நிழலில் உட்கார்ந்து எழுதி முடித்திருந்தேன். நேரத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன். குழந்தைகள் இருக்கும் வீடு என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பத்திகளை எழுதினேன்.

சுமார் பத்து மணி நேரத்துக்குப் பிறகு பெண்ணும் குழந்தைகளும் வெளியே வந்தார்கள். பிலால் மாலிக், பன்னா இஸ்மாயில் இருவரும் உயிரோடு பிடிபட்டார்கள், ஒருவருக்குக் குண்டுக்காயம். கூட்டம் கைதட்டியது. எனக்குச் சப்பென்று போய்விட்டது. வழியில் பாயிடம், "ஆக்டோபஸ் வந்தும் இவ்ளோதானா" என்றேன். அவர் பைக் ஓட்டிக்கொண்டிருந்தார். பதில் சொல்லவில்லை. வடமாலப்பேட்டை தாண்டிய பிறகு, "அந்தச் சின்னக் கொழந்தைக்குச் செருப்பு இல்ல, அண்ணா" என்றார். கேமராவில் அந்தப் படம் இருந்தது. நான் அனுப்பவில்லை.

அன்று நான் அலுத்துக்கொண்ட அந்தப் பத்து மணி நேரம்தான் முழு வெற்றி என்பது எனக்குப் புரியக் கிழக்கிலங்கையில் இன்னொரு வீடு வெடிக்க வேண்டியிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

புத்தூர் முடிந்த கையோடு ஒரு கட்டுரை எழுதினேன். ராணுவ பலத்தை முழுதாக இறக்கினால் மதத் தீவிரவாதத்தை ஒழித்துவிடலாம், வழி ஆந்திராவிலேயே இருக்கிறது என்பது சாரம். என் உதாரணம் நக்சல்கள். 2003 அக்டோபர் 1 அன்று, இதே பிரம்மோற்சவத்துக்குப் பட்டு வஸ்திரம் கொண்டுபோன முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் காருக்கு, திருப்பதி அலிபிரியில் கண்ணிவெடி வைத்தார்கள். அவர் பிழைத்ததை ஏழுமலையான் புண்ணியம் என்று இன்றும் சொல்கிறோம். பத்தாண்டில் அவர்கள் ஆந்திராவில் இருந்த இடம் தெரியாமல் போனார்கள். 1989இல் கே.எஸ். வியாஸ் உருவாக்கிய கிரேஹவுண்ட்ஸ் படை அதைச் செய்தது. அதையே இங்கேயும் செய்யுங்கள் என்று எழுதினேன். நிறையப் பேர் பாராட்டினார்கள். இன்சூரன்ஸ் பாலிசிகூட இரண்டு அதிகம் போனது.

அந்தக் கட்டுரையில் நான் தெரிந்தே விட்டவை உண்டு. 2004இல் அரசு நக்சல்களோடு உட்கார்ந்து பேசியதை விட்டேன். சரணடைந்தவர்களுக்குப் பணமும் நிலமும் கொடுத்ததை விட்டேன். கிரேஹவுண்ட்ஸ் காட்டுக்குள் போகுமுன் உளவுத் துறை மாதக்கணக்கில் வேலை செய்ததை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. ஆந்திராவிலிருந்து நகர்ந்தவர்கள் சத்தீஸ்கரில் போய்த் தலைமை ஏற்றதையும், 2010 ஏப்ரலில் தந்தேவாடாவில் ஒரே காலையில் 76 பேர் கொல்லப்பட்டதையும் தொடவில்லை. அவற்றைச் சேர்த்திருந்தால் துப்பாக்கி கதாநாயகனாக இருந்திருக்காது. எனக்குக் கதாநாயகன் தேவைப்பட்டான்.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறு. காட்டில் இருக்கும் நக்சல் தளத்துக்கு வழி உண்டு, முகாம் உண்டு. எதை இழந்தால் தோல்வி என்று இரு தரப்புக்கும் தெரியும். 'என் மதம் அழிகிறது, கொன்றால் சொர்க்கம்' என்று ஒரு அறைக்குள் செல்போனில் கேட்டு நம்புகிறவனுக்கு எந்தக் குன்றைப் பிடித்தால் தோல்வி? சிரியாவில் பாகூஸ் என்ற ஊர் 2019 மார்ச் 23 அன்று வீழ்ந்தது. ஐஎஸ் அமைப்புக்குக் கடைசியாக மிஞ்சியிருந்த துண்டு நிலம் அது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலை, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் 250க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். செய்தவர்கள் சஹ்ரான் ஹாஷிமும் அவருடைய ஆட்களும். காத்தான்குடிக்காரர், தமிழில் பிரசங்கம் செய்தவர்.

இலங்கையில் ராணுவத்துக்கா பஞ்சம்? உலகமே பாடம் படிக்க வந்த ராணுவம் அது. பத்தாண்டுகளுக்கு முன்னால்தான் போரில் வென்றிருந்தது, கிழக்கில் முகாம் போட்டே உட்கார்ந்திருந்தது. சஹ்ரானைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே பலமுறை புகார் கொடுத்திருந்தார்கள். 2017 மார்ச்சில் சூஃபி வழிபாட்டினரோடு நடந்த மோதலுக்குப் பிறகு அவர் தலைமறைவு. இந்தியாவிலிருந்து 2019 ஏப்ரல் தொடக்கத்திலேயே எச்சரிக்கை போயிருந்தது. இதற்குப் பீரங்கி வேண்டியதில்லை. வந்த கடிதத்தைப் படித்துவிட்டு ஜீப்பில் ஏறும் ஒரு அதிகாரி போதும். கொழும்பு அரசியலின் உள்சண்டையில் அந்த ஆள் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் மிச்சமிருந்த கூட்டம் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. புதிதாக வந்த குடும்பத்தைச் சந்தேகப்பட்டு அதிகாரிகளிடம் சொன்னது அந்த ஊர் முஸ்லிம்கள்தான். படை சுற்றி வளைத்தது. உள்ளே குண்டுகளை வெடிக்கச் செய்தார்கள். குழந்தைகள் உட்பட 15 பேர். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குப் புத்தூர் வீடு நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒரே அமைப்புள்ள காட்சி: வாடகை வீடு, உள்ளே ஆயுதம், பெண், குழந்தைகள், வெளியே படை. சாய்ந்தமருதில் இருந்தவர்கள் சாக முடிவு செய்துவிட்டவர்கள். படை எவ்வளவு பொறுமையாக இருந்தாலும் முடிவு மாறியிருக்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் புத்தூரில் முடிவு மாற வாய்ப்பு இருந்தது. போலீஸ் அந்த வாய்ப்பைக் காத்தது. நான் சுவர் நிழலில் உட்கார்ந்து அதைத் தலைப்பிலேயே கொன்றுவிட்டிருந்தேன்.

பலப்பிரயோகமே கூடாது என்று இப்போது மாறிவிட்டேனா? இல்லை. பக்ருதீன் உட்பட அந்த மூவரையும் பிடித்திராவிட்டால் இன்னும் பிணம் விழுந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். காந்தி படத்தை மாட்டிவிட்டு அப்படிப்பட்டவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. பிடிக்க ஆயுதம் வேண்டும். என் தப்பு ஆயுதத்தை நம்பியதில் இல்லை. அதை எங்கள் பக்கத்து ஆயுதமாகப் பார்த்தேன். வழக்கு நடப்பதைவிடப் பிணம் விழுவது எனக்கு இனித்தது.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப் பாடமே உண்டு, அதை நான் 2013இல் மறந்திருந்தேன். 1997 நவம்பர் 29 அன்று கோவையில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் குத்திக் கொல்லப்பட்டார். குற்றவாளிகளைப் பிடிக்க வேண்டிய போலீஸில் ஒரு பகுதி, மறுநாள் ஒரு சமூகத்தின் மேலேயே திரும்பியது. கலவரத்திலும் துப்பாக்கிச்சூட்டிலும் 18 முஸ்லிம்கள் செத்தார்கள். கடைகள் எரிந்தன. மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1998 பிப்ரவரி 14 அன்று தொடர் குண்டுவெடிப்பு, 58 பேர். முன்னது பின்னதை நியாயப்படுத்தாது. குண்டு வைத்த அல்-உம்மா அமைப்பு அதற்கு முன்பே இருந்தது; 1993இல் சென்னையில் ஆர்எஸ்எஸ் அலுவலகக் குண்டுவெடிப்பில் 11 பேர் செத்தபோதே அதன் பெயர் வந்துவிட்டது. ஆனால் சில ஆட்கள் வைத்திருந்த கோபத்தை ஒரு தெரு முழுவதற்கும் பகிர்ந்து கொடுத்தது நவம்பர் 30தான் என்பதைக் கோட்டைமேட்டுப் பக்கம் இருந்தவர்கள் சொல்வார்கள். பிறகு வழக்கு நடந்தது, 2007இல் அல்-உம்மா தலைவர் பாஷாவுக்கு ஆயுள் தண்டனை. அதே வழக்கில் பிடிபட்டிருந்த அப்துல் நாசர் மதானி விடுதலை. ஒன்பது ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு.

இனி வீட்டு விஷயம். எழுதக் கை கூசும் பகுதி இது.

சித்தூரில் எனக்குக் கீழும் மேலுமாக ஒரு வீடு. மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடுவேன். புத்தூர் முடிந்த மறு மாதம் அது காலியானது. பாயின் தங்கை குடும்பம் வீடு தேடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்கு ஆர்டிசியில் மெக்கானிக் வேலை, இரண்டு பிள்ளைகள். பாய் கேட்டார். "மச்சான் குடும்பம் வருதுப்பா, சொல்லிட்டேன்" என்றேன். எந்த மச்சானும் வரவில்லை. மாடி நான்கு மாதம் பூட்டியே கிடந்தது, வாடகை நஷ்டம். பாய் செய்தி விஷயமாக அந்த வீட்டுக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வருவார். பூட்டு அவருக்கும் தெரிந்ததுதான். ஒருநாளும் கேட்கவில்லை. நானும் ஒருநாளும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் அந்த ஆண்டு சாயபுக்களுக்கு வீடு கொடுப்பதை நிறுத்தியது நான் ஒருவன் மட்டுமில்லை. ஆனால் பேப்பரில் எழுதுகிறவன் நான். என்னைப் பார்த்து நிறுத்தியவர்கள் இருக்கலாம்.

பிறகு 2016. ஆலேர் நடந்து சரியாக ஓராண்டு கழிந்த அதே ஏப்ரல் 7 அன்று, சித்தூர் நீதிமன்ற வளாகத்தில் குண்டு வெடித்தது. உயிர்ச்சேதம் இல்லை. தேதி ஒத்துப்போனதை வைத்து நான் எதையும் நிறுவப் போவதில்லை. அடுத்து ஜூனில் கொல்லம், ஆகஸ்டில் மைசூரு, செப்டம்பரில் நெல்லூர், நவம்பரில் மலப்புரம். எல்லாமே நீதிமன்றத்திலோ அதை ஒட்டியோ. நவம்பர் கடைசியில் தேசியப் புலனாய்வு முகமை மதுரையில் ஆட்களைப் பிடித்தது. 'பேஸ் மூவ்மெண்ட்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்ட சிறு கூட்டம். தங்கள் சமூகத்துக்கு அநீதி நடக்கிறது என்ற பேச்சுதான் அவர்களை இழுத்தது என்று முகமை சொன்னது. மைசூரு வழக்கில் 2021இல் மூவருக்குத் தண்டனை ஆனது. கமாண்டோ இல்லை, முற்றுகை இல்லை. 2013இல் நான் எழுதிய கட்டுரைப்படி, புத்தூரோடு இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும். மதுரையில் ஒரு வீட்டுக்குள் புதிதாக முளைத்து, என் ஊர்க் கோர்ட்டுக்கே வந்து நின்றது. அப்படிப்பட்ட கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பவனுக்குக் கைவிலங்கோடு சரிந்து கிடக்கும் ஐந்து பேர் படத்தைவிடப் பெரிய பிரசங்கம் தேவையா? அந்தப் படத்துக்கு நான் டீக்கடையில் கைதட்டியவன்.

குண்டு வெடித்த அன்று நீதிமன்ற வாசலில் எங்கள் இருவரையும் நிறுத்தினார்கள். என் பெயர் கேட்டு விட்டுவிட்டார்கள். பாயின் பெயர் கேட்டதும் பையைத் திறக்கச் சொன்னார்கள். லென்ஸ் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மறுபடி ஒருவர் வந்து மறுபடி திறக்கச் சொன்னார். வெடிகுண்டு வெடித்த இடத்தில் பையைத் திறக்கச் சொல்வது தப்பில்லை. என் பையையும் திறந்திருக்க வேண்டும். "என் பையையும் பாருங்க சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அடையாள அட்டையைச் சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

2025 ஜூலையில் மறுபடி ஒரு செய்தி. தமிழ்நாடு தீவிரவாதத் தடுப்புப் பிரிவு, பக்கத்து அன்னமய்யா மாவட்டம் ராயச்சோட்டியில் அபுபக்கர் சித்திக்கையும் முகமது அலியையும் பிடித்தது. அபுபக்கர் சித்திக் 1995இலிருந்து தேடப்பட்டவர். வேறு பெயரில், சின்ன வியாபாரம் செய்துகொண்டு, அக்கம்பக்கத்தாரோடு பேசிப் பழகி, வருஷக்கணக்காக அங்கே இருந்திருக்கிறார்கள். செய்தியைக் கேட்டதும் என் வாயிலிருந்து வந்தது, "பாத்தியா?" மனைவியிடம் சொன்னேன். மாடி வீட்டைக் கொடுக்காதது சரி என்று எனக்குள் ஒருவன் எழுந்து உட்கார்ந்தான். பன்னிரண்டு ஆண்டுகளாக நான் வெட்கப்பட்டதாக நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்த ஒரு நொடியில் எங்கே போனதென்று தெரியவில்லை.

மனைவிதான் கேட்டாள்: "ராயச்சோட்டிக்காரங்க யாருன்னு வீட்டுக்காரருக்குத் தெரியாது. நீங்க வேண்டாம்னது யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அந்தத் தங்கையின் கல்யாணத்தில் பிரியாணி சாப்பிட்டிருக்கிறேன். சந்தேகம் என்றால் அடையாள அட்டை நகல் வாங்கி ஸ்டேஷனில் கொடுத்திருக்கலாம்; எல்லாருக்கும் அதே முறை வைத்திருந்தால் யாருக்கும் அவமானமில்லை. யாருக்கும் அந்த முறையை நான் வைக்கவில்லை. ரெட்டி வந்தார், முதலியார் வந்தார், ஒரு நகலும் கேட்டதில்லை. அட்வான்ஸை எண்ணி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தேன். உண்மையில் ஒளிந்துகொள்ள வருகிறவன் ஒரு இந்துப் பெயரோடு வந்திருந்தால் என் மாடியில் நிம்மதியாக இருந்திருப்பான்.

பாய் இப்போதும் சித்தூரில்தான் இருக்கிறார். ஸ்டூடியோவை மகன் பார்த்துக்கொள்கிறான். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் "சௌக்கியமா அண்ணா" என்று கேட்கிறார். மாடி வீட்டைப் பற்றியும் கோர்ட் வாசலைப் பற்றியும் அவரிடம் நேரில் நான் எதுவும் சொன்னதில்லை. இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். அவர் தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. தெலுங்கும் உருதும்தான் படிப்பார். எனக்குத் தெலுங்கில் எழுத வரும்.